நூலக வாசலில் எங்களோடு இருந்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

பொது நூலகத்தை மூடும் உத்தரவு இப்போதைக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. நன்றி சொல்ல அதுவரை காத்திருக்க மனம் வரவில்லை.

மைக் பிடித்துப் பேசிய எங்களை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மேடைப் பக்கமே வராதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், கணக்குப் பார்த்த அக்காவுக்கு. உண்டியலில் விழுந்த சில்லறையை அன்றன்றைக்கே எண்ணி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு ரசீதையும் நோட்டில் ஒட்டிவைத்தார். 'இவர்களுக்கு எங்கிருந்து பணம் வருகிறது?' என்று கிளம்பிய பேச்சு, அந்த நோட்டைப் பிரித்துக் காட்டியதும் அடங்கிப்போனது.

அப்புறம், வழக்கறிஞர் தோழர்கள். கைதானால் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொருவர் முன்கையிலும் பேனாவால் எண்ணை எழுதிவிட்டார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டாலும் எண் கையிலேயே இருக்கும். முதன்முறையாகப் போராட்டத்துக்கு வந்தவர்களுக்கு எங்கள் பேச்சைவிட அதுதான் தைரியம் கொடுத்தது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், தண்ணீர் சுமந்தவர்களுக்கும், குப்பை அள்ளியவர்களுக்கும் நன்றி.

உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரம் நினைவுக்கு வந்தது. 1955 டிசம்பர் 1 அன்று பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், பஸ்ஸைப் புறக்கணிக்கச் சொல்லி, கல்லூரி நகல் இயந்திரத்தில் விடிய விடிய ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகள் அடித்தார். சமையல் வேலை பார்த்த ஜார்ஜியா கில்மோர், பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமைத்து விற்று, போராட்டத்துக்குத் தொடர்ந்து பணம் கொடுத்தார். பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்பதால் அந்தப் பெண்களில் பலரை யாருக்கும் தெரியாது. கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ் ஏறாமல் தாக்குப்பிடித்தார்கள் என்றால், இவர்களையும் சேர்த்துத்தான். அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுப்போடவே வழியில்லாத காலம் அது. கூடி நின்று மறுப்பது ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்த அரசியல்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் நாம் சோர்ந்து கலைந்துபோகட்டும் என்றுதான் காத்திருப்பார்கள். நம்மைச் சோர விடாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள். பேச்சுவார்த்தைக்கு அவர்கள் இறங்கி வந்ததற்கு அதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

முழு வரவு செலவுக் கணக்கையும் நூலக வாசலில் ஒட்டியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். மீதிப் பணம் வழக்குச் செலவுக்குப் போகிறது.

நன்றியுடன்,
போராட்டக் குழு சார்பில்