ஏரிக்கரையில் டென்ட் வேண்டாம்: மலையேற்றக் குழு நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காஷ்மீர் ஏரிகளுக்கு வருஷா வருஷம் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஆகஸ்டில் உங்களில் ஒருவரோடு நானும் வந்திருந்தேன். யார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் 'நமக்கில்லை' என்று நகர்ந்துவிடுவீர்கள். சோனமார்க்கில் ஏறி நாரநாக்கில் இறங்கும் அதே 70 கிலோமீட்டர் பாதைதான். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அத்தனை உயரத்தில் ரசம் வைத்துக் கொடுத்தார்கள். கைடு தங்கமான மனிதர். என் மனத்தாங்கல் எல்லாம் உங்கள் விளம்பரத்தில் இருக்கும் இரண்டே சொற்கள் மேல்தான்: 'ஏரிக்கரையில் டென்ட்'.

இரண்டாம் நாள் நிச்னாய் கணவாயைத் தாண்டி, சாயங்காலம் விஷன்சர் ஏரிக்கு வந்து சேர்ந்தோம். ஏறக்குறைய 12,000 அடி. நாங்கள் 22 பேர். எங்களுக்கு முன்பே மூன்று குழுக்கள் வந்து இடம் பிடித்திருந்தன. கரையோரம் மஞ்சளும் ஆரஞ்சுமாக டென்ட்கள், சந்தைக்கடை மாதிரி. சரி, ஆசைப்பட்டு வந்தவர்கள்தானே எல்லோரும் என்று நானும் படுத்துவிட்டேன்.

விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து டாய்லெட் டென்ட் பக்கம் போனேன். உங்கள் உதவியாள் பையன், இருபது வயது இருந்தால் அதிகம், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குழி வெட்டிக்கொண்டிருந்தான். முதல் குழி ராத்திரியே நிரம்பிவிட்டதாம். இரண்டாவது வெட்டிலேயே மண்ணோடு டிஷ்யூ வந்தது. கூடவே பிசுபிசுவென்று வெட் வைப்ஸ். முன்பு வந்த ஏதோ ஒரு பேட்ச்சின் மிச்சம். அவன் அதை மண்ணால் மூடிவிட்டு, நாலடி தள்ளி வெட்டினான். அங்கேயும் அதே கதை. மூன்றாவது இடத்தில்தான் வெறும் மண் கிடைத்தது. என்னைப் பார்த்து, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் சிரித்தான்.

வெளுத்த பிறகு அந்தக் குழியிலிருந்து தண்ணீர் வரை நடந்து எண்ணினேன். முப்பத்தொரு எட்டு.

நீர்நிலையிலிருந்து 200 அடியாவது தள்ளித்தான் குழி என்பது மலையேறுகிறவர்களிடையே பல நாடுகளில் புழங்கும் கணக்கு. என் நடைக்கு அது எண்பது எட்டு வைக்கிற தூரம். அதுவும் தனி ஆள் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி மூடிவிட்டுப் போவதற்குச் சொன்னது. வாராவாரம் ஒரே புல்வெளியில் நூறு பேர் தங்குவதற்கு எண்பது எட்டு எந்த மூலைக்கு?

இது நம் ஊர் வாழைத்தோட்டத்து மண் இல்லை. ஜூன் வரை பனி கிடக்கும், அக்டோபரில் திரும்பவும் மூடிக்கொள்ளும். நடுவில் கிடைக்கும் சில மாதக் குளிர்வெயிலில் எது மட்கும்? புதைத்தது புதைத்தபடி இருக்க அடுத்த பனி விழுகிறது. பனி உருகும்போது சரிவில் இருப்பதெல்லாம் ஏரிக்குத்தான் போய்ச் சேரும். வெட் வைப்ஸில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் இழை கலந்தவை. அவை மட்குகிற பேச்சுக்கே இடமில்லை.

அந்தத் தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்பதும் இல்லை. விஷன்சர் தண்ணீர் கிஷன்கங்கா ஆற்றுக்குப் போகிறது. கங்காபல், நுந்துகோல் ஏரிகளின் தண்ணீர் வாங்கத் ஓடையாகி, சிந்த் நாலா என்ற ஆற்றில் கலந்து, ஜீலம் ஆற்றுக்குப் போகிறது. காஷ்மீர் இந்துக்களான பண்டிட்டுகளுக்குக் கங்காபல்தான் கங்கை. அஸ்தி கரைக்கிற இடம். கட்சர் ஏரிக்கு அப்பால், ஆடு மேய்க்கும் பக்கர்வால் சமூகத்துப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டு உப்புத் தேநீர் கொடுத்தார். பக்கத்திலேயே ஓடை இருக்க, அவர் வீட்டுப் பெண்கள் மேட்டில் இருந்த ஊற்றுக்கு ஏறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஏன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். 'மேலே உங்கள் ஆட்கள் தங்குகிறார்களே' என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

'கஸ்டமர் கேட்கிறார்' என்பீர்கள். உண்மைதான். ஜிப்பைத் திறந்ததும் ஏரி தெரிய வேண்டும், அதை ஒரு போட்டோ எடுக்க வேண்டும். நானும் எடுத்தேன். ஆனால் அந்தப் போட்டோவில் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். ராத்திரிக் குளிரெல்லாம் பள்ளத்தில் இருக்கும் ஏரிப் பக்கம்தான் இறங்கும். விடியும்போது என் டென்ட்டின் உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்து, ஸ்லீப்பிங் பேக் கால்மாட்டில் ஈரமாகிவிட்டது. பத்து நிமிட நடையில், மேட்டுக்கு அந்தப் பக்கம் முகாம் போட்டிருந்தால் முதுகாவது காய்ந்திருக்கும்.

வழியில் ராணுவ முகாம்களில் ஆதாரைப் பார்த்துத்தான் விடுகிறார்கள். எத்தனை பேர் போனோம் என்ற கணக்கு அங்கே இருக்கிறது. எத்தனை மூட்டைக் குப்பை திரும்பி வந்தது என்று நாரநாக்கில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க ஆள் வருவதற்குள் நீங்களே செய்துவிடுவது நல்லது. உத்தராகண்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் புக்யால் என்று அங்கே சொல்லும் மலை உச்சிப் புல்வெளிகளில் இரவு தங்கவே தடை போட்டது. ரூப்குண்ட் ஏரி உங்கள் பட்டியல்களிலிருந்து காணாமல் போனது அப்படித்தான். அன்றைக்கு நஷ்டக் கணக்குச் சொல்லி அழுதவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள்.

முகாமை ஏரியை விட்டு நகர்த்துங்கள். எந்த இடத்தில் குழி வெட்டினீர்கள் என்று குழுக்களுக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள். அந்தப் பையன் இருட்டில் தடவித் தேட வேண்டியிருக்காது. வெட் வைப்ஸ் கொண்டுவருபவர் அதைத் தன் பையிலேயே திரும்பக் கொண்டுபோகட்டும், நான் உட்பட. அப்புறம், ஏரியில் ஷாம்பூ போட்டுத் தலை குளித்த எங்கள் பேட்ச் ஆளைத் தடுக்க உங்கள் கைடு தயங்கினார். தயங்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவையுங்கள்.

வருகிற ஆகஸ்டில் தம்பியையும் அழைத்துக்கொண்டு மறுபடி வருவதாக இருக்கிறேன். 'ஏரிக்குப் பத்து நிமிட நடை' என்று விளம்பரத்தில் யார் முதலில் போடுகிறீர்களோ, முன்பணம் அவருக்கு.

அன்புடன்,
போன வருஷத்து 22 பேரில் ஒருவன்