ஆறிய பிறகும் ருசிக்க வேண்டும்

எடிசன், நியூ ஜெர்சி
ஜூன் 20

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நாம் இருவரும் ஒரே நாட்டில் இருக்கிறோம் என்பதை நினைக்க நினைக்க மனம் நிறைகிறது. டல்லாஸ் இங்கிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம்தான். உன் முழங்கால் தேறிவிட்டது என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். காலை நடையை மட்டும் விட்டுவிடாதே. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடு.

இங்கே எல்லாரும் நலம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து தோட்டமே கதி என்று இருக்கிறார். தக்காளிச் செடிகள் இடுப்பளவு வந்துவிட்டன, காய் இன்னும் பச்சைதான். வேலியைத் தோண்டிக்கொண்டு பெருத்த அணில் மாதிரி இருக்கும் மர்மோட் ஒன்று வந்து அவரைக் கொடியை மொட்டையடித்துவிட்டுப் போனது. இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று தெருவே கூடி ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரப் போகிறார்கள், மகள் பாஸ்தா சாலட் செய்யலாம் என்கிறாள், ஆறிப்போன ஒன்றை எப்படி விருந்துக்கு எடுத்துப் போவது என்று எழுதியிருந்தாய். நீ தயங்குவது நியாயம்தான். ஆனால் இந்தச் சமையலின் சூட்சுமம் உனக்கு ஏற்கெனவே தெரியும். கல்லணைக்குப் போகும்போதெல்லாம் உன் அம்மா கட்டித்தந்த தயிர்சாதத்தை நினைத்துப் பார். சோறு சூடாக இருக்கும்போதே மசித்து, காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி விடுவார். காலையில் பார்த்தால் கஞ்சி மாதிரி தளர இருக்கும். நண்பகலில் ஆற்றங்கரையில் பிரித்தால் பதமாக இறுகி, புளிக்காமல் இருக்கும். சாப்பிடும் நேரத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காலையில் பிசைந்தார். பாஸ்தா சாலட்டும் அதே கணக்குதான்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் பக்கத்து வீட்டில் இருந்த இத்தாலிய வம்சத்துப் பாட்டி. நாங்கள் இங்கே வந்த முதல் கோடையில் நான் செய்து எடுத்துப் போன சாலட், மேசையில் வைக்கும்போதே வறண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு ஊற்றிய எண்ணெயும் வினிகரும் போன இடம் தெரியவில்லை. பாட்டி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு நாக்கால் அழுத்திப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் எண்ணெய்க் குப்பியும் வினிகரும் கொண்டுவந்து, கையாலேயே கிளறி, உப்புப் போட்டு, மறுபடி ருசி பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அடுத்த வாரம் என்னைத் தன் சமையலறைக்கு அழைத்து, அடுப்புப் பக்கத்தில் நிற்க வைத்து, முதலிலிருந்து செய்து காட்டினார். அவர் போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் பாஸ்தாவை வாயில் போட்டால் அவரைப் போலவே நாக்கால் அழுத்தித்தான் பார்க்கிறேன்.

அவர் சொன்னதை அப்படியே உனக்கு எழுதுகிறேன். ஃபுசிலி வாங்கு, அதுதான் திருகுத் திருகாக இருக்கும் வகை. அந்தத் திருகுகளுக்குள்தான் மசாலா தங்கும். நீள நீளமான ஸ்பகெட்டி இதற்குச் சரிப்படாது. நின்றுகொண்டு காகிதத் தட்டில் சாப்பிடுகிறவர்களுக்குக் கரண்டியில் அள்ள வர வேண்டும். 450 கிராம் பெட்டி ஒன்று, மற்றப் பதார்த்தங்களும் இருக்கும் விருந்தில், எட்டுப் பத்துப் பேருக்குப் போதும். தண்ணீர் நாலரை லிட்டர் வை. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. வேகும்போது உள்ளே ஏறும் உப்பை, பிறகு மேலே தூவி ஈடுகட்ட முடியாது.

பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கூடுதலாக வேகவிடு. சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவுக்கு இத்தாலியர்கள் பல்லில் கடிபட வேண்டும் என்பார்கள். குளிரும்போது மாவுச்சத்து மறுபடி இறுகிவிடுவதால், சூட்டில் சரியாக இருப்பது ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது விறைப்பாக இருக்கும். பழைய சோறு சில்லென்று விறைப்பதைப் பார்த்திருக்கிறாயே, அதேதான். வடித்ததும் குழாய்த் தண்ணீரில் அலசுகிறவர்கள் உண்டு. அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். ஆனால் அகலமான தட்டில் பரப்பி, இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெய் புரட்டி ஆறவைப்பதுதான் எனக்குப் பிடித்தது. சூடு இருக்கும்போதே கொஞ்சம் வினிகரைத் தெளித்துவிடு. நன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஊற்றுவதற்கான கலவையில்தான் நிறையப் பேர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். இலைச் சாலட்டுக்கு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்பது வழக்கம். பாஸ்தாவுக்கு இரண்டுக்கு ஒன்று வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த உணவில் உப்பும் புளிப்பும் நாக்குக்கு மந்தமாகத்தான் எட்டும். அரை கப் எண்ணெய், கால் கப் சிவப்பு ஒயின் வினிகர், நசுக்கிய பூண்டு ஒரு பல், மிளகுத்தூள், காய்ந்த ஆரிகனோ இலை. வினிகர் பிடிக்காவிட்டால் எலுமிச்சைச் சாறு போதும். சூடாக ருசி பார்க்கும்போது ஒரு கல் உப்பு தூக்கலாகத் தெரிந்தால், ஆறிய பிறகு சரியாக இருக்கும். இரவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றிப் புரட்டு. மீதியை ஒரு பாட்டிலில் மூடி வைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னால் ஊற்று. என் முதல் சாலட்டுக்கு இல்லாமல் போனது அந்த மூன்றில் ஒரு பங்குதான்.

உள்ளே என்ன போடுவது? ஜூலையில் தக்காளியைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றாது. செர்ரி தக்காளியை இரண்டாக வெட்டி, உப்புத் தூவி இருபது நிமிடம் வை. கிண்ணத்தின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு சாறு ஊறி நிற்கும், விதைகள் அதில் மிதக்கும். அதைக் கொட்டிவிடாதே, அந்தச் சாறுதான் ருசி. வினிகர்க் கலவையோடு சேர்த்து அடித்துக்கொள். முத்து முத்தாக விற்கும் மொசரெல்லா பாலாடைக்கட்டியும் பேசில் இலையும் சேர்த்தால் முடிந்தது. பேசில் என்றதும் மலைக்காதே, நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலைதான் அது. மணம் கொஞ்சம் மாறும், செடி ஒன்றே. ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை அதிலிருந்துதான் வருகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடும் என்பதால் கடைசி நேரத்தில் கையால் கிள்ளிப் போடு.

இரண்டாவதாக ஒன்று செய்ய மனம் இருந்தால், வேகவைத்த கொண்டைக்கடலை, வெள்ளரி, கறுப்பு ஆலிவ், ஃபெட்டா பாலாடைக்கட்டி, எலுமிச்சை. வயிறும் நிறையும். வெள்ளரியின் விதைப் பகுதியை வழித்து எடுத்துவிடு, இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுவிடும். சுட்ட சோளத்தை உதிர்த்து, குடைமிளகாய், கொத்தமல்லி சேர்ப்பதும் உண்டு, குழந்தைகள் அதைத்தான் முதலில் காலி செய்வார்கள். மயோனைஸ் போட்ட மக்ரோனி சாலட்டும் அங்கே நிச்சயம் வரும். ஹவாய்க்காரர்களுக்கு அது இல்லாமல் மதியச் சாப்பாடே இல்லை. கடை மயோனைஸில் பெரும்பாலும் முட்டை இருக்கும், அதனால் உனக்கு அது வேண்டாம்.

சைவம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டியைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டுதான் உறையவைக்க வேண்டும் என்பது அதன் விதி. பல ஆண்டுகள் தெரியாமலே தூவிக்கொண்டிருந்தேன். தெரிந்த நாளில் மனம் மிகவும் சங்கடப்பட்டது. மொசரெல்லா, ஃபெட்டா வாங்கும்போதும் உறையைத் திருப்பிப் படி. நுண்ணுயிர் ரென்னெட் அல்லது சைவ ரென்னெட் என்று போட்டிருந்தால் வாங்கலாம். சீசர் சாலட்டுக்கு ஊற்றும் கலவையில் நெத்திலி மீன் இருக்கும். விருந்தில் யார் எதை நீட்டினாலும் கேட்டுவிட்டே தட்டில் வாங்கு. இங்கே கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

டல்லாஸ் வெயில்தான் எனக்குக் கவலை. வெளியே வைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. உங்கள் ஊரில் ஜூலை மதியம் அதைத் தாண்டாமல் இருக்காது. பெரிய தாம்பாளத்தில் ஐஸ் கட்டியைப் பரப்பி, அதன் நடுவில் கிண்ணத்தை வை. பாதியை மட்டும் வெளியே வைத்துவிட்டு மீதியை உள்ளேயே வைத்திரு. தீரத் தீர நிரப்பலாம்.

புளியோதரையும் ஒரு பாத்திரம் கொண்டுபோ என்றுதான் சொல்வேன். அதுவும் ஆறிய பிறகே ருசிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு.

ஆகஸ்டில் எங்கள் தக்காளி பழுத்துவிடும். 15ஆம் தேதி இத்தாலியர்களுக்குப் ஃபெர்ரகோஸ்தோ, குடும்பத்தோடு கடற்கரைக்கும் மலைக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு போகும் நாள். பாட்டி இருந்தவரை அன்று இரண்டு வீடும் சேர்ந்தே சாப்பிட்டோம், நமக்கும் சுதந்திர தினமாயிற்றே. இந்த முறை அந்த வாரத்துக்கு உனக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மகளிடம் கேட்டுவிட்டு எந்தத் தேதி சௌகரியம் என்று எழுது. பருப்புப்பொடி மீதம் இருந்தால் கொஞ்சம் எடுத்து வா.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழி