கரையோர ஊர்களுக்கு மாலை நேரத் தளர்வு வேண்டும்

2021 ஜூலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 5 முதல் தமிழ்நாடு முழுவதும் ஒரே மாதிரியான கொரோனா ஊரடங்குத் தளர்வுகள் நடைமுறைக்கு வந்து, பேருந்துகள் ஓடத் தொடங்கி, கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் திறக்கப்பட்டிருப்பது இராமநாதபுரம் மாவட்டத்து மக்களுக்குப் பெரிய ஆறுதல். தேநீர்க் கடையில் பாதி இருக்கைகளில் உட்கார்ந்து பேசலாம். உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் யோகா மையங்களுக்கும் போகலாம். இவற்றை மனமார வரவேற்கிறேன். ஆனால் நாங்கள் வடகடல் என்று சொல்லும் பாக் விரிகுடாக் கரையில் வாழ்பவர்களின் ஓய்வு நேரம் இந்தத் தளர்வுகளில் விடுபட்டுப் போயிருப்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கடற்கரைகளில் காலை 5 மணி முதல் 9 மணி வரை நடைப்பயிற்சிக்கு அனுமதி என்று ஜூன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. மெரினாவுக்கு அது பொருத்தமான ஏற்பாடு. நாட்டுப்படகு ஊர்களிலோ நாளின் வேலை முழுவதும் அந்த நான்கு மணி நேரத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது. பின்னிரவில் புறப்பட்ட வல்லங்கள் எனும் நாட்டுப்படகுகள் விடியும்போது கரை சேர்கின்றன. வலையிலிருந்து மீனைக் கழற்றி, தரம் பிரித்து, ஏலம் விட்டு, பனிக்கட்டி போட்டுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி முடிக்க ஒன்பது மணி, சில நாள் பத்து மணியும் ஆகிவிடுகிறது. அந்நேரத்தில் எங்கள் கரையில் ஒருவர் கைகளை வீசி நடந்துகொண்டிருந்தால் அவர் நிச்சயமாக வெளியூர்க்காரர். கடலுக்குப் போய் வந்தவர் சாப்பிட்டு, உறங்கி எழுந்து, கிழிந்த வலையைச் சரிசெய்த பிறகு மாலை நான்கரை மணிக்கு மேல்தான் தம் நேரம் என்று ஒன்றைக் காண்கிறார். அப்போது கரைக்கு வந்தால், அனுமதி நேரம் முடிந்துவிட்டது என்று கலைந்து போகச் சொல்கிறார்கள். சொல்பவர்களைக் குறை கூறவில்லை. அவர்கள் கையில் இருக்கும் உத்தரவு அப்படி.

மாலை வேளையில் அங்கே நடப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் 2020 மார்ச்சுக்குப் பின் வகுப்பறையைப் பார்க்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியும், வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் கைப்பேசியும் போக, மீதி நேரத்துக்கு அவர்களாகவே ஒரு பொழுதுபோக்கைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். உடைந்த மீன்பெட்டியின் தெர்மோகோலை வல்லத்தின் வடிவில் சீவி, பின்புறம் தகரத் துண்டைச் செருகிச் சுக்கானாக்கி, மூங்கில் குச்சியில் சாக்குத் துண்டைப் பாயாகக் கட்டிக் கடலில் விடுகிறார்கள். இப்போது கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காலமாதலால், விட்ட படகு திரும்பி வராது. அதனால் தங்கூசி எனும் நைலான் இழையை அதன் வாலில் முடிந்து, கையில் பிடித்துக்கொள்கிறார்கள். கையிலிருக்கும் தங்கூசி தீரும்வரை யாருடைய படகு கவிழாமல் நேராகப் போகிறது என்பதே போட்டி. எஞ்சின் வருவதற்கு முன்பு பாய் விரித்துத் தொழிலுக்குப் போன முதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பருமலை (பாய் கட்டும் கழி) இன்னும் சாய்த்துக் கட்டு, தாமானை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) இளக்கிவிடு என்று திருத்துகிறார்கள். பாயைப் பற்றி அவர்களிடம் கேட்பதற்குப் பல ஆண்டுகளாக ஊரில் ஆள் இல்லை. வெளிநாட்டிலும் வெளியூரிலும் வேலையிழந்து திரும்பிய இளைஞர்கள்கூட இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். சிலர் தூண்டிலில் இறாலைக் கோத்து ஓரா மீனுக்காக மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். கிடைப்பது குழம்புக்குப் போதாது என்பது வேறு விஷயம்.

பெண்களின் நிலை இன்னும் சுருக்கமானது. பூவரசு நிழலில் நான்கைந்து பேர் சேர்ந்து ஓலைக் கொட்டான் முடைவதும் தாயம் ஆடுவதும்தான் அவர்களுக்கு இருந்த ஒரே வெளி. கடற்கரையில் கூடக் கூடாது என்றதும் அவர்கள் கொட்டானையும் சோழியையும் தகரக் கூரையின் அடியில் கொண்டுபோய்விட்டார்கள். நோய் எங்கே எளிதாகப் பரவும் என்பதை யோசித்தால் இது தலைகீழான ஏற்பாடு. அடைத்த அறையில் நெருங்கியிருக்கும்போது தொற்று பரவும் வாய்ப்பு அதிகம், காற்றோட்டமான திறந்த வெளியில் குறைவு என்பதை மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். கச்சான் அடிக்கும் கரையைவிடக் காற்றோட்டமான இடத்தை இந்த மாவட்டத்தில் எங்கே தேடுவது?

நான் கேட்பது எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்பதல்ல. விளையாட்டு, கலாச்சார நிகழ்வுகளுக்கு உள்ள தடை நீடிப்பதில் நியாயம் இருக்கிறது. தொண்டிப் பக்கத்துத் திருவிழாக்களில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியை இந்த ஆண்டே நடத்த வேண்டும் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனெனில் அதற்குச் சேரும் கூட்டம் எங்களுக்குத் தெரியும். தனுஷ்கோடி அரிச்சல்முனை, அரியமான் போன்ற சுற்றுலாக் கடற்கரைகளுக்குப் பல மாவட்டங்களிலிருந்து கார்களில் வருவோரைக் கட்டுப்படுத்துவதும் அவசியமே. ஆனால் அந்த இடங்களுக்கு உரிய விதியையே, ஊர்க்காரர்களைத் தவிர வேறெவரும் எட்டிப் பார்க்காத மீனவக் கிராமக் கரைக்கும் பொருத்துவதுதான் சிக்கலாக இருக்கிறது. வாசலில் கடல் இருக்கும் வீட்டுக்காரருக்குக் கரை சுற்றுலா இடமல்ல, முற்றம். மாவட்ட நிர்வாகம் இவ்விரண்டையும் பிரித்து, கிராமக் கரைகளில் மாலை 4 மணி முதல் 7 மணி வரை, முகக்கவசத்துடனும் இடைவெளியுடனும், உள்ளூர் மக்களுக்கு அனுமதி வழங்கினால் போதும். யார் உள்ளூர், யார் வெளியூர் என்பதை ஊர்த் தலைவர்களும் ஜமாஅத்தும் தேவாலயப் பங்குப் பேரவையும் பார்த்துக்கொள்வார்கள். முழு ஊரடங்கின்போது ஊர் எல்லையில் தடுப்புக் கட்டிக் காவல் இருந்தவர்கள்தாம் அவர்கள்.

இதே நேரக் கணக்கைத் தடுப்பூசி முகாம்களிலும் கவனிக்க வேண்டும். 2021 ஜூன் 21 முதல் 18 வயது நிரம்பிய அனைவருக்கும் மத்திய அரசின் இலவசத் தடுப்பூசி கிடைக்கிறது. முகாம் காலையில் நடப்பதால், ஏலத்தை விட்டு வர முடியாத ஆண்களும் பெண்களும் அடுத்த முறை பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். நகரத்தில் இதைத் தயக்கம் என்று எழுதிக்கொள்கிறார்கள். பல ஊர்களில் வலை பின்னும் கூடங்கள் இருக்கின்றன. பக்கச் சுவர் இல்லாமல் நாலாபுறமும் காற்று வரும் கட்டடங்கள் அவை. அங்கே மாலை 4 மணிக்கு மேல் முகாம் நடத்தினால், கரைக்கு வருகிறவர்கள் அப்படியே ஊசி போட்டுக்கொண்டு போவார்கள். விசைப்படகுகள் தொழிலுக்குப் போகும் நாட்களும் நாட்டுப்படகுகள் போகும் நாட்களும் வெவ்வேறானவை என்பதால், தேதியை முடிவு செய்வதற்கு முன் அந்தந்த ஊர் மீனவர் சங்கத்தைக் கேட்டுக்கொள்ளுமாறு சுகாதாரத் துறையை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.