‘போலி’ என்ற சொல்லை என் பலகைகளிலிருந்து நீக்குங்கள்

ஓவியக் கண்காட்சித் தேர்வுக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சலவைக்கல்லைப் போலத் தோன்றும்படி நான் மரத்தில் தீட்டிய மூன்று பலகைகளும் ஓவியப் பிரிவிலிருந்து அலங்காரப் பொருள்களின் வரிசைக்கு மாற்றப்பட்டதும், அவற்றின் கீழே ‘போலிச் சலவைக்கல்’ என்ற அட்டை ஒட்டப்பட்டதும் தாங்கள் அறிந்ததே. அவற்றை மீண்டும் ஓவியப் பிரிவில் வைத்து, ‘மரப்பலகையில் எண்ணெய் வண்ணம்’ என்று எழுத வேண்டுகிறேன்.

இடம் மாறியதைவிட என்னை வருத்துவது இரண்டாம் பலகையில் விழுந்திருக்கும் கீறல். கல்தானா என்று பார்ப்பதற்காக யாரோ கூர்மையான எதையோ கொண்டு சுரண்டியிருக்கிறார்கள். விரல் நீளத்துக்கு அடிப்பூச்சின் வெள்ளை தெரிகிறது. அந்த அடிப்பூச்சை எட்டு முறை பூசி, ஒவ்வொரு முறையும் காயவைத்துத் தேய்த்து, அதன்மேல் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த சாம்பல் நிறத்தை அடிவெள்ளை ஊடே தெரியும்படி மெல்லியதாகப் பரப்பி, ஈரம் காய்வதற்குள் பறவைச் சிறகின் நுனியால் கல்லில் ஓடும் நரம்புபோன்ற கோடுகளை இழுத்து, மென்மயிர்த் தூரிகையால் அவற்றின் ஓரங்களைக் கலைத்திருந்தேன். சிறகைச் சற்று அழுத்திவிட்டாலும் நரம்பு கல்லுக்குள் இறங்காமல் நூல்போல மேலேயே கிடக்கும். கீறலை மட்டும் நிரப்பினால், எண்ணெய் நாள்பட மஞ்சளிக்கும்போது அந்த இடம் திட்டாகத் தெரியும்; முழுப் பலகையையும் மறுபடி செய்ய வேண்டும். பார்ப்பவர் கல் என்று நம்பிய பிறகு மரத்தைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஒரு விளிம்பைப் பூசாமல் விட்டிருந்தேன். அந்த விளிம்புக்குப் பக்கத்திலேயேதான் சுரண்டியிருக்கிறார்கள். விண்ணப்பத்திலும் மரம் என்றுதான் எழுதியிருந்தேன்.

நான் எதை மறைத்தேன்? இத்தாலியின் பழைய நகரமான பொம்பெயியின் வீட்டுச் சுவர்களில் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே சுதையால் சலவைக்கல் பாளங்களைச் செய்து வண்ணம் தீட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கார்ப்பி நகரக் கைவினைஞர்கள் ஜிப்சம் பொடியையும் பசையையும் நிறமிகளையும் பிசைந்து, காய்ந்தபின் மெருகேற்றிக் கல்லின் பளபளப்பை வரவழைத்தார்கள். வீட்டு அலங்கார வண்ணவேலையைத் தொழிலாகக் கற்ற பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக், மரரேகை இழுக்கும் சீப்பை 1912இல் தம் ஓவியங்களுக்குள்ளேயே கொண்டுவந்தார். அவற்றை ஓவியம் என்று ஏற்கும் தங்களுக்கு என் பலகை மட்டும் ஏன் உறுத்துகிறது? மரத்தின் புகைப்படத்தை அச்சிட்ட தகடுகள் எங்கு பார்த்தாலும் மேசைகளை மூடிக் கிடக்கின்றன; அவற்றை ஒருவரும் சுரண்டிப் பார்ப்பதில்லை. ஒரு கல்லை மாதக்கணக்கில் உற்றுப் பார்த்து, அதன் பிளவு எந்தத் திசையில் ஓடிக் கிளைக்கிறது என்று கற்ற கைக்குத்தான் இந்தச் சோதனை.

சொற்கள் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கீறலுக்கு நான் இழப்பீடு கேட்கவில்லை. கண்காட்சி திறக்கும் முன் பலகைகளை ஓவியப் பிரிவுக்குத் திருப்பி, அட்டையில் ‘மரப்பலகையில் எண்ணெய் வண்ணம்’ என்று எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் பலகை கீறலோடு அப்படியே இருக்கட்டும்.

இங்ஙனம்,
அப்பலகைகளை வரைந்தவர்