அந்தக் கண்சிமிட்டலை எடுத்துவிடுங்கள்

கோத்தகிரியில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைத் தமிழில் போடவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சாயங்காலம் உங்கள் ஒத்திகையைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே மேகம் இறங்கி ஜன்னலே தெரியவில்லை, நீங்களோ குளிரை மறந்து வசனம் பேசிக்கொண்டிருந்தீர்கள். நம் மலையில் இப்படியொரு நாடகமா என்று மனசு நிறைந்துபோனது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஹாம்லெட்டாக நடிக்கும் தம்பி ஒவ்வொரு முறை பிதற்றியதும் எங்கள் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டுகிறார். 'சும்மா நடிக்கிறேன்' என்று அர்த்தம். பைத்தியம்போல நடந்துகொள்ளப் போகிறேன் என்று முதல் அங்கத்திலேயே நண்பன் ஹொரேஷியோவிடம் சொல்லிவிடுகிறானே, அப்புறம் என்ன சந்தேகம் என்று கேட்டீர்கள்.

சொல்கிறான், சரி. ஆனால் மூன்றாம் அங்கத்தில் தாயின் அறைக்கு வாருங்கள். திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அரசவை மந்திரி பொலோனியஸைக் குத்தியாயிற்று, பிணம் அங்கேயே கிடக்கிறது. அப்பாவின் ஆவி வருகிறது. முன்பு காவலர்களும் ஹொரேஷியோவும் பார்த்த அதே ஆவி, இப்போது தாயின் கண்ணுக்குத் தெரியவில்லை. வெறுங்காற்றோடு பேசும் மகனைப் பார்த்து அவள் பதறுகிறாள். உன் நாடி மாதிரிதான் என் நாடியும் சீராக ஓடுகிறது என்கிறான் அவன். எனக்குப் பைத்தியமில்லை, எல்லாம் தந்திரம் என்பதையும் அதே அறையில்தான் சொல்கிறான். என் சித்தப்பாவுக்கு மனம் கலங்கியிருந்த வருஷங்களில், "எனக்கு ஒன்றுமில்லை, உங்களைச் சோதித்துப் பார்த்தேன்" என்பார். சில நாள் அது நிஜமாகவும் இருந்தது. எந்த நாள் எது என்று சித்திக்கே தெரியாது. சோற்றுத் தட்டை நீட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஹாம்லெட்டின் தாய்க்கு அந்த முகம் வேண்டும். தம்பி கண் சிமிட்டியதும் பெஞ்சிலிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், அவள் பயம் அதோடு போயிற்று.

இன்னொன்று. கடைசி வாள்போட்டிக்கு முன் பொலோனியஸின் மகன் லேயர்ட்டீஸிடம், உனக்குத் தீங்கு செய்தது ஹாம்லெட் இல்லை, அவனுடைய பைத்தியம்தான் என்று மன்னிப்புக் கேட்கிறானே, அதை நேரமில்லை என்று வெட்டிவிட்டீர்கள். மனதார வருந்துகிறானா, பைத்தியத்தின்மேல் பழி போடுகிறானா? முப்பது வருஷமாக மாற்றி மாற்றி நினைத்திருக்கிறேன். முழுக்க நடிப்புதான் என்று முடிவு கட்டுகிறவர்களுக்குத் தொண்டையில் சிக்கும் முள் அந்த வரிகள். தயவுசெய்து திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

பொலோனியஸின் மகள் ஓபீலியாவின் பைத்தியத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. அவள் கையில் ஏன் காகிதப்பூ? மறக்காதே என்று அவள் நீட்டுவது ரோஸ்மேரி. நம் நீலகிரியில் விளைகிற செடிதானே! இலையைக் கசக்கினால் கை கழுவிய பிறகும் வாசம் போகாது. என் வீட்டு வாசலில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓபீலியாவாக நடிக்கும் தங்கைக்கு ஒரு கட்டு பறித்து வருகிறேன். அவள் அதை அண்ணன் லேயர்ட்டீஸ் கையில் வைக்கட்டும். அந்த வாசம் கையில் இருக்கும்போதே ஹாம்லெட் வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

அன்புடன்,
கடைசி பெஞ்சு அக்கா