மூன்றாவது படிக்குக் கீழே

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலத்தைத் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நீ வீடு மாறியிருப்பதையும், புது வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுவதையும் அவள்தான் சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடாதே. அது குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்; அடைபட்ட சாக்கடை பொங்கி மழைநீர் வடிகாலில் இறங்கிவிட்டால், எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே கால்வாய்க்குத்தான் போகும். ஆறிய பிறகு ஒரு பழைய பாட்டிலில் ஊற்றி மூடி, குப்பை வாங்க வருபவரிடம் தனியாகக் கொடு. காலாவதியான மாத்திரைகளையும் கழிப்பறையில் போடாதே. தண்ணீரில் கரைந்த மருந்து, சுத்திகரித்த பிறகும் முழுவதுமாக நீங்குவதில்லை.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டுமா என்றும் தோன்றுகிறது. பத்து வயதிலேயே நீ ஆற்றுக்குள் நின்று சோப்புப் போட மாட்டாய். வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு கரையேறி, மணலில் நின்று குளிப்பாய். ஆச்சி அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனாலும் அம்மாவின் தலைத்திவசத்தன்று பெரியவர்கள் கூடியிருந்த இடத்தில் நீ அப்படிச் சத்தம் போட்டிருக்க வேண்டாம்.

வைகாசியில் தாமிரபரணியில் தண்ணீர் குறைந்திருந்தபோது, திவசம் கொடுப்பவர்கள் பாபநாசம் படித்துறையில் விட்டுப்போன துணிகளை ஆற்றிலிருந்து அகற்றிக்கொண்டிருந்த இளைஞர்களோடு நானும் இறங்கினேன். மூன்றாவது படிக்குக் கீழே, கல்லிடுக்கில் மாட்டியிருந்த ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அசையவே இல்லை. இருவர் சேர்ந்து இழுத்த பிறகு, சேலையும் வேட்டியும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வடக்கயிறு போல வெளியே வந்தது. மடிப்புகளுக்குள் சேறும் ஷாம்பு உறைகளும் இருந்தன. விரல் நீளக் கெண்டை ஒன்று, செவுளில் நூல் மாட்டிச் செத்துக் கிடந்தது. பருத்தித் துணி கைபட்டதும் நைந்து போயிற்று. பாலியஸ்டர் சேலைகளில் மட்டும் பூ வேலைப்பாடுகூடக் கலையவில்லை. தாத்தா காலத்தில் ஆற்றில் விட்டது பருத்தி வேட்டி, அது மட்கிவிட்டது. நாம் அதே வழக்கத்தை மட்காத துணியில் செய்துகொண்டிருக்கிறோம். பொதிகையில் இறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும் இந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு கரையோர மரங்களில் துணிகள் தொங்கியதைப் பார்த்து, "யார் வீட்டுச் சேலையோ" என்று அம்மா சொன்னது அங்கே நிற்கும்போது நினைவுக்கு வந்தது. நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தலைத்திவசத்தன்று நீ இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்த அம்மாவின் சேலையை, உன் கையிலிருந்து பிடுங்கி, சித்தப்பாவும் அத்தையும் பார்த்திருக்க மறுபடியும் ஆற்றில் எறிந்தவன் நான். பெற்றவளுக்கே பாவம் சேர்க்கிறாய் என்றும் உன்னைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. திவசம் செய்து வைத்தவர்கூட எள்ளும் தண்ணீரும் போதும் என்றுதான் சொன்னார். பீரோவைத் திறக்கும் போதெல்லாம் அந்தச் சேலைகளைப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. அதை உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, சாஸ்திரத்தின் பெயரைச் சொல்லி பலவற்றை ஆற்றில் தள்ளிவிட்டேன். என் துக்கத்தைப் போடுவதற்கு அந்த ஆறுதானா கிடைத்தது என்று இப்போது மனம் அடித்துக்கொள்கிறது. நீ அன்றே கண்டுகொண்டாய் என்று நினைக்கிறேன்.

மீதமிருந்த சேலைகளைத் துவைத்து அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அம்மா தீபாவளிக்குக் கட்டிய மாம்பழ நிறச் சேலையை மட்டும் உன் பங்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆடி அமாவாசைக்கு நான் எப்போதும் போல முதல் பேருந்தில் பாபநாசம் போவேன். எள்ளும் ஒரு செம்பும் மட்டும்தான் எடுத்துப் போகிறேன். கட்டிய வேட்டியைப் பிழிந்து வீட்டுக்கே கொண்டு வந்துவிடுவேன். உனக்கு லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை; தங்கையிடம் சொல்லியனுப்பினாலும் போதும்.

எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதே.

அன்புடன்,
அப்பா