இரவு நேர லேப்ராஸ்கோப்பிக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புடையீர், வணக்கம்.

பகலில் திட்டமிட்டுச் செய்யும் பித்தப்பை அறுவை வேறு, நள்ளிரவில் வரும் வயிற்று அவசரம் வேறு. நோயாளி நீர்வற்றிக் காய்ச்சலோடு வருவார், குடல் உப்பியிருக்கும், ஆபரேஷன் தியேட்டரில் ஆட்களும் குறைவு. அந்த வேளையிலும் லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றைத் திறக்காமல் கேமராவில் பார்த்தபடி நுண்துளை வழியாக, அறுவை செய்ய முடிகிறது என்றால் அதற்குக் காரணமான பலருடைய பெயர் அறுவைக் குறிப்பில் வருவதே இல்லை. அவர்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் கருவிகளைச் சுத்திகரிக்கும் பிரிவினருக்கு. ஒவ்வொரு இடுக்கியையும் கழற்றி, குழாயின் உட்புறம் வரை தூரிகை விட்டுத் தேய்க்கிறீர்கள். அதைவிட மேலாக, மின்சாரத்தால் திசுவைச் சுடும் கருவிகளின் மின்காப்பு உறையில் கீறல் இருக்கிறதா என்று உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, பழுதானதை ஒதுக்குகிறீர்கள். கீறல் வழியே கசியும் மின்சாரம் கேமராவின் பார்வைக்கு வெளியே குடலைச் சுடும். அன்று ஒன்றும் தெரியாது; சில நாள் கழித்துக் குடல் ஓட்டையாகிச் சீழ் பிடிக்கும். நீங்கள் தடுத்த ஆபத்துகள் யார் கண்ணிலும் படாதவை.

தியேட்டர் செவிலியருக்கு: குடல்வால் அறுவைக்கு கருவிகளை உள்ளே நுழைக்கும் குழாயான போர்ட் 10 மி.மீ. அளவில் ஒன்று, 5 மி.மீ. இரண்டு, 30 பாகை சாய்வாகப் பார்க்கும் கேமராக்குழல் (ஸ்கோப்), குடல்வாலின் அடியைக் கட்டும் சுருக்குக்கயிறு மூன்று, வெளியே எடுக்கும் பை, சக்‌ஷன் எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். லென்ஸில் ஆவி படியாமலிருக்க வெந்நீர்க் குடுவையும், வயிற்றை உப்பவைத்து இடம் உண்டாக்கும் கார்பன் டையாக்சைடு வாயுவின் மாற்று சிலிண்டரும் அதைத் திறக்கும் சாவியும் பக்கத்தில் இருக்கும். வயிற்றைத் திறக்கும் கருவிப்பெட்டியும் அதே அறையில் தயார். ரத்தம் பீறிடும்போது அந்தப் பெட்டியைத் தேடி ஒருவர் ஓடக் கூடாது.

லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு நாட்களில் ஜெனரேட்டர் எழும்பச் சில விநாடிகள்தான் ஆகும். ஆனால் அணைந்த கேமரா மீண்டும் படம் காட்ட அதைவிட நேரமெடுக்கும். அதுவரை வயிற்றுக்குள் இருக்கும் கருவிமுனை எதைத் தொடுகிறது என்று தெரியாது. கேமரா, விளக்கு, வாயுக்கருவி மூன்றையும் யூ.பி.எஸ். பெட்டியில் இணைத்துக் கொடுத்து, அதன் பேட்டரியைத் தவறாமல் சோதித்துவரும் தொழில்நுட்பர்களே, உங்களுக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மயக்க மருத்துவர்களுக்கு. அறுவைக்கு முன்பே நீரேற்றி ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறீர்கள். வாயுவை நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் மெதுவாகத் தொடங்கி, 12 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிறுத்தி, தளர்ந்த நோயாளிக்கு இன்னும் குறைக்கச் சொல்கிறீர்கள். வயிற்றின் உட்சவ்வு விரியும்போது இதயத் துடிப்பு சட்டென்று விழலாம். 'வாயுவை விடுங்கள்' என்று உங்கள் குரல் வந்ததும் வாயுவை வெளியேற்றிவிட வேண்டும். அதில் விவாதத்துக்கு இடமில்லை. ரத்த அழுத்தம் நிலைகொள்ளாதவருக்கு நுண்துளை வேண்டாம், நேரே திறங்கள் என்று நீங்கள் சொன்ன இடங்களிலெல்லாம் நீங்களே சரி.

எங்களுக்குக் கற்றுத்தந்த மூத்தோருக்கு. அடைபட்ட குடலில் பழைய தழும்பின் மேல் முதல் போர்ட்டைப் போடாமல், தள்ளிச் சிறு வெட்டில் கண்ணால் பார்த்து இறங்கச் சொன்னீர்கள். உப்பிய குடலைப் பிடித்தால் கிழியும். பெருங்குடல் தொடக்கத்திலிருந்து சுருங்கிய குடலைப் பின்தொடர்ந்து மேலே போக வேண்டும், உப்பிய பகுதிக்கு வந்ததும் குடலை விட்டு அதன் தாங்குசவ்வைப் பிடிக்க வேண்டும் என்றீர்கள். சீழ் கண்டால் முதலில் உறிஞ்சச் சொன்னீர்கள்; எடுத்தவுடன் நீர் ஊற்றினால் அது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தின் அடிவரை பரவும். இந்நகரில் அடிக்கடி வரும் இடது விலாக் கத்திக்குத்தில், ரத்த அழுத்தம் சீராக உள்ளவருக்கு ஸ்கோப் விட்டு உதரவிதானத்தைப் பார்க்கப் பழக்கியதும் நீங்கள்தான். எக்ஸ்ரேயும் சி.டி.யும் தவறவிடும் சிறு துளை பிற்பாடு குடலை மார்புக்குள் இழுத்து நெரிக்கும். அந்தத் துளை வழியே வாயு ஏறி நுரையீரலை அமுக்கலாம் என்பதால், அந்த வாயுவை வெளியேற்றும் மார்புக்குழாயைத் தயாராக எடுத்துவைத்த பிறகே தொடங்கச் சொன்னீர்கள்.

இந்நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் குடும்பங்களுக்கு. தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம் என்ற வரியையும் சேர்த்துத்தான் ஒப்புதல் தந்தீர்கள். அந்த நம்பிக்கை இல்லையென்றால் பாதியில் முறையை மாற்றும் முடிவு தாமதமாகும். எங்கள் கருத்தில் அப்படி மாற்றுவது தோல்வியே ஆகாது.

கடைசியாக வார்டு செவிலியருக்கு. மறுநாள் வரும் தோள்வலி வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, இதயவலி அன்று என்று தமிழிலும் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் சொல்லித் தேற்றுகிறீர்கள். அதே வேளையில், வயிற்றுவலி குறைவதற்குப் பதில் கூடினாலோ நாடி ஏறினாலோ, விடியட்டும் என்று இராமல் உடனே அழைக்கிறீர்கள். இனியும் எந்நேரமானாலும் அழையுங்கள்.

நன்றியுடன்,
இரவு நேர அறுவை அணியினர்